தண்ணிக் குளிசை

மாதா கோயிலில் ஞாயிறு பூசை நடந்துகொண்டிருந்தபோது என் கணவரின் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகத் தொடங்கியது. முழந்தாளில் நின்றவர் முதலில் சளி என்று நினைத்துப் புறங்கையால் துடைத்தார். பிறகு கையைப் பார்த்தார். நான் தலையில் போட்டிருந்த துணியை எடுத்துச் சுருட்டி அவரிடம் கொடுத்தேன். பூசை முடிவதற்குள் அந்தத் துணியும் அவருடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கமும் நனைந்துவிட்டன.

"சூடு. எஞ்சினுக்குப் பக்கத்திலயே உக்காந்திருக்கேன்ல, அதான்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்கவில்லை.

மாத்தளையிலிருந்து வில்கமுவவுக்குப் போகும் பஸ்ஸை அவர் ஓட்டினார். அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அந்தப் பக்கத்துக்குப் பஸ் அதிகம் கிடையாது. காலையில் அவர் கொண்டுபோகிற பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் டிராக்டர் பெட்டியில் தொற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் அங்குள்ள வயல்காரர்களிடம் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. அறுவடை முடிந்தால் புது அரிசியோ ஒரு பூசணிக்காயோ கொண்டுவந்து அவருடைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போவார்கள். நான் அலுவிகாரைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கீழ்வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் நானும் மட்டுந்தான்.

மறுநாளும் மூக்கில் இரத்தம் வந்தது. நான் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு அவரை டவுனில் இருந்த டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் பகுதி முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர் அந்த டொக்டர். வயதானவர், கோபக்காரர். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மற்றக் கையிலும் பார்த்தார். பிறகு முதல் கைக்கே திரும்பி வந்தார்.

"தலைவலி எவ்வளவு காலமா இருக்கு?"

"தலைவலி எப்பவும் இருக்குங்க. பஸ் ஓட்டுறவனுக்கு அது இல்லாம இருக்குமா?"

"எப்பவும் இருந்தா எப்பவோ வந்திருக்கணும்."

சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தெளிவாக இருந்தது சூடானதும் மேலிருந்து கலங்கி, அவித்த முட்டையின் வெள்ளையைப் போலத் திரண்டது. அதை எங்கள் இருவருக்கும் முன்னால் பிடித்துக் காட்டினார்.

"இது உடம்புல நிக்க வேண்டிய சத்து. கிட்னி இதை வெளிய விடக் கூடாது. கிட்னி சல்லடை மாதிரி. பிரஷர் கூடினா சல்லடை கிழியும். கிழிஞ்சா பிரஷர் இன்னும் ஏறும். ஒன்னு மத்ததைக் கெடுத்துக்கிட்டே போகும். உங்களுக்கு அது தொடங்கிருச்சு."

என் கணவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் என்று யாரும் சொல்லாமல், வலி என்று ஒன்றும் பெரிதாக இல்லாமல், உள்ளே இத்தனை நடந்திருக்கிறது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெளியே வந்ததும், "அவர் சூடு காட்டினா எவனோடதா இருந்தாலும் அப்படித்தான் கலங்கும்" என்றார்.

இரண்டு குளிசைகள் கொடுத்தார்கள். ஒன்று பிரஷரை இறக்குவது. மற்றது சிறியது, வெள்ளை. உடம்பில் தேங்கும் உப்பையும் தண்ணீரையும் கிட்னி வழியாக வெளியே தள்ளுவது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் தண்ணிக் குளிசை. கருவாட்டையும் ஊறுகாயையும் வீட்டிலிருந்து அகற்றச் சொன்னார் டொக்டர். நான் கறிக்கு உப்புப் போடுவதை நிறுத்தினேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கோயில் சுவத்தை நக்குற மாதிரி இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளில் போய்விட்டது. பிரஷர் குளிசை அவரை ஊமையாக்கியது. வேலை முடிந்து வந்தால் கதிரையில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டதற்கு மட்டும் பதில். ஒருநாள் மாலை, "எனக்கு எதுவுமே வேணாம் போல இருக்கு. சாப்பாடு வேணாம், பேச்சு வேணாம், காலையில எந்திரிக்கவும் வேணாம்" என்றார். சத்தமில்லாமல், வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நான் பயந்துபோய் டொக்டரிடம் ஓடினேன். அந்தக் குளிசை சிலருக்கு மனதைக் கீழே இழுத்துவிடும் என்று சொல்லி வேறு ஒன்றை மாற்றிக் கொடுத்தார். மாற்றியதும் பேச்சு வந்தது. ஆனால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. கட்டிலைப் பிடித்து நின்று, கண் தெளிந்த பிறகுதான் நடக்க வேண்டியிருந்தது.

தண்ணிக் குளிசை வேறு விதமாகக் கொன்றது. காலையில் குடித்துவிட்டுப் பஸ்ஸை எடுத்தால், பலாபத்வலை தாண்டுவதற்குள் அவருக்கு முட்டிக்கொண்டு வரும். நாவுலயில் ஒரு தடவை, அதற்கப்பால் காட்டுக்குள் திரும்பிய பிறகு இன்னும் சில தடவைகள். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுப் புதருக்குப் பின்னால் போவார். முதலில் சனங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேலி தொடங்கியது. பின் சீட்டிலிருந்து யாரோ, "டிரைவர் மாத்தயா காட்டுக்கெல்லாம் தண்ணி பாய்ச்சுறாரு" என்று சிங்களத்தில் சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவருடைய முகம் கறுத்திருந்தது.

"நான் நாளையில இருந்து அதைக் குடிக்கப் போறதில்ல. வேலை இல்லாத நாளைக்கு மட்டும் குடிக்கிறேன்."

"டொக்டரைக் கேட்டுட்டுச் செய்ங்க."

"அவரா பஸ் ஓட்டுறாரு?"

அப்படியே செய்தார். கொஞ்ச நாளில் கால் வீங்கியது. சப்பாத்துக்குள் போக மறுத்தது. மூக்கிலிருந்து மறுபடியும் இரத்தம். டொக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டுப் பட்டியை மேசையில் எறிந்தார்.

"நீங்க மருந்தை நிப்பாட்டுற ஒவ்வொரு நாளும் உங்க கிட்னியில கொஞ்சம் செத்துப் போகுது. செத்தது திரும்பி வராது. வெக்கமா கிட்னியான்னு யோசிங்க. ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது. என்ன நடந்தாலும் நிப்பாட்டக் கூடாது. வெளங்குதா?"

விளங்கியது. அதற்குப் பிறகு அவர் குளிசையை விட்டதே இல்லை. செபம் சொல்லுகிற மாதிரி ஆகிவிட்டது அது. காலையில் முகம் கழுவியதும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு இரண்டையும் வாயில் போட்டுக்கொள்வார். பஸ் நிற்கும்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். கொஞ்ச காலத்தில் அவர்களுக்கும் சிரிப்பு அலுத்துப்போனது.

அதன் பிறகு கெண்டைக்கால் பிடிக்கத் தொடங்கியது. பிரேக்கில் கால் வைத்திருக்கும்போதே சதை முடிச்சுப்போட்டுக்கொள்ளும். தண்ணிக் குளிசை உப்போடு சேர்த்து உடம்புக்கு வேண்டிய வேறொரு சத்தையும் வெளியே கொண்டுபோகிறது, அதனால்தான் பிடிக்கிறது என்றார் டொக்டர். வாழைப்பழமும் செவ்விளநீரும் நிறையக் கொடுக்கச் சொன்னார். என் அண்ணன் பலாபத்வலைப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குலைச் செவ்விளநீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். "மச்சான், இதைக் குடிச்சா பஸ்ஸைத் தூக்கிக்கிட்டே ஓடலாம்" என்று சீவிக் கொடுப்பார். கால் பிடிப்பு நின்றது. பிரஷரும் இறங்கியிருந்தது. அந்த வருஷந்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல வருஷம்.

மறு வருஷம் கடும் வறட்சி. வில்கமுவப் பக்கத்தில் கிணறுகள் சேறாகிவிட்டன. வயிற்றுப்போக்கு பரவியது. அங்கே சாப்பிட்ட மதியச் சாப்பாடோ, குடித்த தண்ணீரோ தெரியவில்லை, அவருக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து வாந்தியும் பேதியுமாக இருந்தார். கஞ்சி கொடுத்தால் கஞ்சி வெளியே வந்தது. தேத்தண்ணீர் கொடுத்தால் தேத்தண்ணீர் வந்தது. அப்படியிருந்தும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் குளிசைகளை எடுத்தார்.

"வயித்துல ஒன்னுமே இல்லையே, இன்னைக்கு விடுங்களேன்" என்றேன்.

"என்ன நடந்தாலும்னு சொன்னாருல்ல?"

மறுநாள் காலையிலும் எடுத்தார். அன்று பகல் நான் வெந்நீர் வைக்கப் போயிருந்தபோது அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் தரையில் கிடந்தார். கண் உள்ளே போயிருந்தது. நாக்கு காய்ந்து கட்டையாகியிருந்தது. கையைத் தொட்டால் மீனைத் தொட்டதுபோல் குளிர். மெதுவாகச் சொன்னார்:

"நேத்துப் பகல்ல இருந்து ஒன்னுக்கே வரல."

அது எவ்வளவு மோசமான செய்தி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பேதிதான் பெரிய ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோடு வேலை செய்த இளம் டிரைவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர்தான் கார் பிடித்துக்கொண்டு வந்தார். மாத்தளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பிறகு அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

கண்டியில் பார்த்த டொக்டர் சிங்களவர், இளைஞர். பொறுமையானவர். என்னை வார்டுக்கு வெளியே இருந்த மர வாங்கில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். டொக்டர்மார் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"கிட்னிக்கு இரத்தம் ஓடணும் அம்மா. வயித்தால போயி உடம்புல தண்ணி வத்திப்போன நேரத்துல, தண்ணிக் குளிசை மிச்சத்தையும் வெளிய எடுத்துட்டுது. மத்தக் குளிசை பிரஷரை இன்னும் இறக்கிட்டுது. இறங்கினதும் கிட்னிக்குப் போற இரத்தம் நின்ன மாதிரி ஆயிட்டுது."

"அப்போ அந்தக் குளிசை பிழையான குளிசையா?"

"இல்ல. அந்தக் குளிசை இல்லன்னா இவருக்கு எப்பவோ மூளையில நரம்பு வெடிச்சிருக்கும். ஆனா வாந்தி பேதி வந்தா அதை நிப்பாட்டிட்டு உடனே வரணும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நிறுத்தக் கூடாது என்றுதான் சொன்னார்கள். சொன்னவர் மீதும் கோபப்பட முடியவில்லை. தன்னிஷ்டத்துக்கு மருந்தை விட்ட மனிதரிடம் வேறெதைச் சொல்லியிருப்பார்?

கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் போத்தல் வைத்திருந்தார்கள். அதில் சிறுநீர் விழுகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் வேலை. நாட்கள் போயின, போத்தலின் அடி மட்டும் நனைந்தது. அவர் முகம் ஊதியது. குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். இப்போது தண்ணீரும் அளந்துதான். நர்ஸ் மிஸ்ஸி உதட்டை மட்டும் நனைக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் நான் போனபோது போத்தலில் பாதி நிறைந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள். நான் அந்த இடத்திலேயே மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகு குடம் குடமாகப் போனது. பிழைத்துவிட்டார் என்று அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றுதான் அந்த இளம் டொக்டர் மிச்சத்தைச் சொன்னார். சிறுநீர் வருகிறது, ஆனால் உள்ளேயிருக்கிற அழுக்கு அதோடு வரவில்லை. இரத்தத்தில் யூரியா இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. பிரஷரில் முன்பே பாதி கெட்டிருந்த கிட்னி இந்த அடியைத் தாங்கவில்லை. கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கிறது.

"அந்தக் கொஞ்சம் எவ்வளவு காலத்துக்குங்க?"

அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடவே கூடாது. தண்ணிக் குளிசை முன்பு வெளியே கொண்டுபோன அந்தச் சத்தை இப்போது கிட்னியால் வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் தேங்கினால் இருதயம் நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெரிய குலையோடு வந்து நின்றார். நான் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "இது மருந்துன்னு டொக்டர்தானே சொன்னாரு?" என்றார். திரும்பச் சொன்னேன். குலையைச் சைக்கிளிலிருந்து அவிழ்க்காமல் நின்றார். பிறகு, "நான் குடுத்தது எதுவும் இதுக்குக் காரணமா தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளே வராமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

பஸ் ஓட்டும் வேலை போய்விட்டது. பெரிய வண்டியை ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது மற்றது. இப்போது கண்டி கிளினிக்கில் வேறொரு தண்ணிக் குளிசை கொடுத்தார்கள், முன்பிருந்ததைவிடப் பலமானது. அதைக் கொடுத்தால் வீக்கம் வடிந்து மூச்சு விடுவார், ஆனால் அடுத்த முறை இரத்தம் எடுத்துப் பார்க்கும்போது யூரியா ஏறியிருக்கும். குறைத்தால் யூரியா கொஞ்சம் இறங்கும், ஆனால் நெஞ்சில் நீர் கோர்த்துப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பார். பிரஷரை இறக்கினால் கிட்னிக்கு இரத்தம் போதாது. ஏறவிட்டால் இருக்கிற கொஞ்சமும் வெடித்துப் போகும். ஒவ்வொரு கிளினிக்கிலும் அரைக் குளிசையைக் கூட்டுவார்கள், அல்லது குறைப்பார்கள். அந்த அரைக் குளிசைக்குள்தான் எங்கள் வாழ்க்கை இருந்தது.

அது பேக்கரியில் பாணுக்கும் கியூவில் நின்ற காலம். மருந்துக்கும் தட்டுப்பாடு. பலமான குளிசை சில மாதங்களில் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் அவருடைய கால்களை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"வெளிநாட்டுல இரத்தத்தைக் கழுவுற மெஷின் இருக்காமே" என்று கிளினிக்கில் ஒருவர் சொன்னார். நான் இளம் டொக்டரிடம் கேட்டேன். இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.

கடைசி வருஷத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. வில்கமுவ வரைக்கும் ஒரு தடவை போய்வர வேண்டும். அவருடைய பஸ்ஸை அப்போது அந்த இளம் டிரைவர்தான் ஓட்டினார். முன் சீட்டை எங்களுக்கு வைத்திருந்தார். சனங்கள் என் கணவரை அடையாளம் காணவில்லை. கண்டவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நாவுல வருவதற்கு முன்பே வாந்தி தொடங்கிவிட்டது. பஸ்ஸுக்குள் ஏறிய கருவாட்டுக் கூடையின் வாடையை அவரால் தாங்க முடியவில்லை. நாவுலயில் இறங்கி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

"எல்லாத்தையும் நிப்பாட்டிருவோமா?" என்று கேட்டார்.

"எதை?"

"குளிசையை. எல்லாத்தையும். குடிச்சாலும் போறேன், குடிக்காட்டியும் போறேன். நாக்குல எப்பவும் துரு மாதிரி ஒரு ருசி. உடம்பெல்லாம் அரிப்பு. நான் யாரைத் திருப்திப்படுத்தக் குடிக்கிறேன்?"

"என்னைத்தான்" என்றேன். அது நியாயமில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் சரி என்பதுபோலத் தலையை அசைத்தார். மறுநாள் காலையில் சிலுவை அடையாளம் போடாமல் குளிசைகளை மட்டும் விழுங்கினார்.

அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. விக்கல் நிற்கவில்லை. பகலெல்லாம் தூங்கினார். விழித்தால் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோலக் கையைத் திருப்பினார். ஒரு பிற்பகல், நான் பாடசாலையிலிருந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மாதா கோயில் சாமியாரை அழைத்துவர அண்ணன் போனார். சாமியார் வந்தபோது உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

செத்த வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரஷர் என்றார்கள், கிட்னி என்றார்கள். இங்கிலிஷ் மருந்துதான் ஆளை அரித்துவிட்டது என்று டிப்போவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அடக்கம் முடிந்த மறுவாரம் அந்த இளம் டிரைவர் என்னைப் பார்க்க வந்தார்.

"அக்கா, எனக்கும் பிரஷர்னு சொல்லியிருக்காங்க. அதே தண்ணிக் குளிசைதான் குடுத்தாங்க. அண்ணனுக்கு நடந்ததைப் பாத்ததுக்கப்புறம் கொண்டுபோய் ஆத்துல வீசிட்டேன்."

"வீசாதீங்க தம்பி. குடிங்க. வாந்தி பேதி வந்தா மட்டும் நிப்பாட்டிட்டு டொக்டர்கிட்ட ஓடுங்க. அதை மட்டும் மறக்காதீங்க."

"நீங்களா அக்கா இப்படிச் சொல்றீங்க?"

நான்தான் சொன்னேன். பல தடவைகள் சொன்னேன். அவருடைய மனைவியிடமும் போய்ச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படி நம்புவார்கள்? அடுத்த வருஷம் அந்தத் தம்பிக்குப் பிரஷர் ஏறி வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. குடும்பம் அவரை மனைவியின் ஊரான பலாபத்வலைக்குக் கொண்டுபோய்விட்டது. அண்ணன் வீட்டுக்குப் போகும் நாட்களில், றோட்டோரத்து வீட்டு வாசலில் அவர் கதிரையில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். என்னைக் கண்டால் இடது கையைத் தூக்குவார். நானும் கையைத் தூக்குவேன். இறங்கிப் போய்ப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பதுண்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் சீட்டிலேயே இருந்துவிடுவேன்.